யாரோ ஒருத்தர்

வீட்டின் பின்புறம் கொடிக்கம்பியில் சலவை வேட்டியை விரித்துக் கட்டி, அதற்கு முன்னால் ஒரு முக்காலியைப் போட்டு ஜம்புலிங்கத்தை உட்காரவைத்திருந்தார்கள். ஸ்டேஷன் ரோடு ஸ்டூடியோக்காரர் காமிராவைக் கண்ணுக்குக் கொண்டுபோவதும் இறக்குவதுமாக இருந்தார். மலைப்பக்கமிருந்து அடித்த காற்றில் வேட்டி உப்பி, ஒவ்வொரு தடவையும் ஜம்புலிங்கத்தின் தலையைப் போர்த்தப் பார்த்தது. கடைசியில் தமயந்தியே வந்து வேட்டியின் ஓரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு, படத்தில் விழாதபடி ஒதுங்கி நின்றாள்.

"ஐயா, கொஞ்சம் சிரிச்சாப்ல இருங்க."

"ஜெயிலுக்குப் போனவன் படம்பா இது. சிரிச்சா எவன் நம்புவான்?" என்றார் ஜம்புலிங்கம்.

வேட்டியைப் பிடித்திருந்த தமயந்திக்குத்தான் சிரிப்பு வந்தது. காலையிலிருந்து மனுஷன் இரண்டு தரம் சவரம் செய்துகொண்டாயிற்று. மீசையில் இருந்த வெள்ளை முடி ஒன்றைப் பிடுங்கித் தரச் சொல்லிக் கண்ணாடியோடு அடுப்படிக்கே வந்து நின்றார். ஊர் முழுக்கத் தெரிந்த ஆள், வாடகை சைக்கிள் கடைக்காரர், நெற்றியோரத்துத் தழும்பு தெரிகிற மாதிரி தலையை எந்தப் பக்கம் திருப்புவது என்று ஸ்டூடியோக்காரரிடம் மெதுவாகக் கேட்டுக்கொண்டதும் அவள் காதில் விழுந்தது.

படம், புதிதாகக் கட்டி முடித்திருந்த படிப்பகத்துக்கு. ஆந்திரா தனி மாநிலமாகப் பிரிந்தபோது திருத்தணி அந்தப் பக்கம் போய்விட்டது. அதைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று ஊர் ஊராகக் கூட்டம் போட்டு, ரயிலை மறித்து, சிறைக்குப் போனவர்கள் பலர். அறுபதாம் வருஷம் ஊர் இந்தப் பக்கம் வந்தது. அப்படிப் போராடியவர்களில் உள்ளூர்க்காரர்களின் படங்களைப் படிப்பகத்துச் சுவரில் மாட்டுவதென்று இந்த எழுபத்தொன்பதில்தான் கமிட்டிக்குத் தோன்றியிருந்தது. மற்றவர்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். உயிரோடு இருப்பது ஜம்புலிங்கம் மட்டும்.

"படத்துக்கு மாலை போடக்கூடாது. ஆங், இப்பவே சொல்லிட்டேன்" என்றாள் தமயந்தி, கமிட்டிச் செயலாளர் வேதாசலத்துக்குக் காப்பியைக் கொடுத்துக்கொண்டே.

ஜவுளிக்கடை வைத்திருந்த வேதாசலம் பதறிப்போய், "சேச்சே, மாலைய ஐயா கழுத்துலயே போட்டுடறோங்க. படத்துக்கு ஒரு பொன்னாடை, அவ்ளோதான்" என்றார். பிறகு ஜம்புலிங்கத்தின் பக்கம் திரும்பி, "அன்னிக்கு ஸ்டேஷன்ல நடந்தத ஒரு தபா சொல்லுங்கய்யா. ஞாயித்துக்கிழமை நான்தான் பேசணும். தப்பா எதுவும் பேசிடக்கூடாது பாருங்க" என்றார்.

ஜம்புலிங்கம் தொண்டையைச் செருமிக்கொண்டார். தமயந்தி உள்ளே போய்விட்டாள். அந்தக் கதை அவளுக்கு மனப்பாடம். எந்த இடத்தில் குரல் உயரும், எந்த இடத்தில் நிறுத்தி வெற்றிலையை ஒதுக்கிக்கொள்வார் என்பதுகூடத் தெரியும். இருந்தாலும் காது அங்கேயே இருந்தது.

"நாங்க தண்டவாளத்துல உக்காந்துகினு இருக்கோம். எதிர்ல, திருத்தணி ஆந்திராவோடயேதான் இருக்கணும்னு கத்திகினு இன்னொரு கூட்டம். நடுவுல போலீசு. கல்லு எங்கேர்ந்து வந்துச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. இதோ, இங்க பட்டுச்சு. அப்படியே சாஞ்சிட்டேன். யாரோ ஒருத்தர் தூக்கித் தோள்மேல போட்டுகினு டாக்டராண்ட ஓடினாங்க. கட்டு போட்டதும் வீட்டுக்குப் போன்னாரு டாக்டரு. போனனா? நேரா ஸ்டேஷனுக்கு வந்து மறுபடியும் தண்டவாளத்துல உக்காந்தேன். அப்பதான் அரெஸ்ட்டு."

யாரோ ஒருத்தர். தமயந்தி கையிலிருந்த டம்ளரைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தாள்.

அந்த யாரோ ஒருத்தர் அவளுடைய அண்ணன் கஜபதி.

கஜபதியும் அன்றைக்கு ஸ்டேஷனில்தான் இருந்தான். எதிர்க்கூட்டத்தில், முதல் வரிசையில், கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய் நின்றிருந்தான். ஜம்புலிங்கம் அவனுக்கு அத்தை மகன். தங்கையைக் கட்டிக்கொடுத்த பாவா. நகரிப் பக்கத்தில் இருந்த தமயந்தியின் வீட்டில் தெலுங்கு. திருத்தணியில் வாழ்க்கைப்பட்ட அத்தையின் வீட்டில் இரண்டும். இந்தப் பக்கத்தில் பாதிக் குடும்பங்கள் அப்படித்தான். காய்கறிக்காரியிடம் ஒன்று, கன்றுக்குட்டியிடம் ஒன்று என்று நினைத்த பாஷையில் பேசிக்கொண்டிருந்தவர்களை, நீ எந்தப் பக்கம் என்று காலம் திடீரென்று நிறுத்திக் கேட்டது. மாமனும் மச்சானும் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். அப்போதும் கஜபதி வந்தால் கோழி அடித்துச் சாப்பாடு உண்டு. சாப்பிட்டுக்கொண்டே சண்டை போடுவார்கள். திருத்தணி இந்தப் பக்கம் வரும்வரை தெலுங்கில் ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று ஜம்புலிங்கம் சபதம் எடுத்தது அந்தச் சாப்பாட்டு இலையின் முன்னால்தான். ஊர் வந்துவிட்டது. சபதம் மட்டும் போகவில்லை; பழகிப்போய்விட்டது. அத்தை சாகக் கிடந்தபோதுகூட, அவள் தெலுங்கில் கேட்டதற்கெல்லாம் இவர் தமிழில்தான் பதில் சொன்னார். அத்தை தமயந்தியைப் பார்த்துச் சிரித்து, "வாடி மொண்டிதனம் நாதே" என்றாள். அவன் பிடிவாதம் என்னுடையதுதான் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு போய்ச் சேர்ந்தாள்.

உறவு முறிந்தது அந்தச் சண்டைகளால் இல்லை. ஊர் சேர்ந்த அன்று மேளதாளத்தோடு ஊர்வலம் முடிந்து, கழுத்தில் மாலையோடு, பின்னால் ஒரு கூட்டத்தோடு ஜம்புலிங்கம் வீட்டுக்கு வந்தார். மகள் பத்மா பிறந்திருந்த நேரம். குழந்தையைப் பார்க்க ஒரு கூடை மாம்பழத்தோடு கஜபதி வந்து உட்கார்ந்திருந்தான். ஜம்புலிங்கத்துக்குச் சந்தோஷம் தலைக்கேறியிருந்தது. "இன்னா கஜபதி, இனிமே நீ வேற ராஜ்ஜியம். கதவத் தட்டிட்டுதான் உள்ள வரணும்" என்றார். விளையாட்டுக்குச் சொன்னதுதான். பின்னால் நின்ற கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்புதான் கெடுத்தது. கஜபதி கூடையை வைத்துவிட்டு எழுந்து போனான். அதற்கப்புறம் அவன் தட்டவும் இல்லை, இவர் திறக்கவும் இல்லை. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து வருகிறவன், சரவணப் பொய்கையில் குளித்து, மலையேறி, இறங்கி, அப்படியே பஸ் பிடித்துப் போய்விடுவான். தமயந்தி புளிச்சோற்றுத் தூக்கோடு பொய்கைக் கரையில் போய் நிற்பாள். அண்ணனும் தங்கையும் படிக்கட்டில் உட்கார்ந்து பேசுவார்கள். வீட்டைப் பற்றி அவன் கேட்பான். வீட்டுக்காரரைப் பற்றிக் கேட்கமாட்டான்.

மத்தியானம் இலை போட்டபோது அவள் கேட்டாள்.

"யாரோ ஒருத்தர்னா யாருங்க?"

ஜம்புலிங்கம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். "எதச் சொல்ற?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க."

"அவன் நம்ம பக்கம் இல்லியே. படிப்பகத்துல வந்து அவன் பேர எப்படிச் சொல்றது? ஜனம் இன்னா நினைக்கும்?"

"தோள்ல தூக்கிப் போட்டுகினு ஓடனப்ப எந்தப் பக்கம்?"

அவர் ரசம் போதும் என்று கையைக் காட்டினார். பதில் இல்லாதபோது அவருக்கு ரசம் போதுமாகிவிடும். தமயந்திக்கு அவரிடம் கோபம் என்று ஒன்றும் இல்லை. நல்ல மனுஷன். அவரோடு வாழ்ந்த வாழ்க்கையில் குறை என்று எண்ணினால் இந்த ஒன்றுதான் நிற்கும். ஆனால் இந்த ஞாயிற்றுக்கிழமை அந்த 'யாரோ' மைக்கில் ஒலித்து, ஊர் கைதட்டி, சுவரில் ஆணியடித்து மாட்டப்பட்டுவிடும். அதற்குப் பிறகு யார் வந்து திருத்துவது?

மறுநாள் காலையில் பழையது பிழிந்து வைத்துவிட்டு, "அண்ணனப் பாத்துட்டு வரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் நகரி பஸ்ஸில் ஏறினாள். ஜம்புலிங்கம் ஏன் என்று கேட்கவில்லை. ஜன்னலோர இடமாகப் பார்த்து உட்காரச் சொன்னார்.

பஸ்ஸில் இருந்தவர்கள் ஏறும்போது பேசிக்கொண்டிருந்ததை எல்லை தாண்டியும் அதே மாதிரிதான் பேசிக்கொண்டு வந்தார்கள். கடைப் பலகைகளின் எழுத்து மட்டும் மாறியது. அண்ணன் வீட்டை ஒட்டிப் பழைய மாட்டுத் தொழுவம் இருந்த இடத்தில் ஓடு வேய்ந்த ஒரு கட்டடம் எழும்பியிருந்தது. அண்ணன் மகள் கல்யாணத்துக்கு வந்தபோது அது இல்லை. வாசலில் நின்று செருப்பைக் கழற்றிய தமயந்தி அப்படியே நின்றுவிட்டாள். உள்ளே குழந்தைகள் கூட்டமாகக் கத்திக்கொண்டிருந்தார்கள். "அம்மா... ஆடு... இலை... ஈ..."

அண்ணி அம்சா ஓடி வந்து கையைப் பிடித்தாள். "பள்ளிக்கூடந்தான். உள்ள வா."

"தமிழ்ல கத்துதுங்களே அண்ணி?"

"ஆமா. ஒரு பக்கம் தெலுங்கு, ஒரு பக்கம் தமிழு. ரெண்டுத்துக்கும் நடுவுல எங்க காதுதான் கிழியுது. எல்லாம் உங்க அண்ணன் செஞ்ச வேலை."

கஜபதி அந்த ஊரின் சர்பஞ்ச், பஞ்சாயத்துத் தலைவன், என்பது தமயந்திக்குத் தெரியும். கால்வாய் வெட்டினான், ரோடு போட்டான் என்பதையெல்லாம் அவனே சொல்லியிருக்கிறான். இதை ஏனோ சொல்லவில்லை. ஊரில் குடியேறியிருந்த நெசவுக் குடும்பங்கள் வந்து, பிள்ளைகளுக்கு வீட்டில் பேசுகிற பாஷையில் நாலு எழுத்துச் சொல்லிக்கொடுக்க வழி பண்ண வேண்டும் என்று கேட்டார்களாம். அவன் அலையாய் அலைந்து ஒரு தமிழ் வாத்தியாரை வாங்கினான். இடம் இல்லை என்றதும் தொழுவத்தை இடித்துக் கொடுத்தான். ஊரில் சில பேருக்கு அது பிடிக்கவில்லை. திருத்தணியைத் தமிழனுக்குக் கொடுத்தது போதாதென்று வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்து வைக்கிறாயா என்று கேட்டு, அடுத்த தேர்தலில் அவனுக்கு எதிராக ஆள் நிறுத்தினார்கள். மயிரிழையில்தான் ஜெயித்தான். இவ்வளவையும் அம்சா அடுப்படியில் வைத்துச் சொல்லி முடித்தபோதுதான் கஜபதி வயலிலிருந்து வந்தான்.

தங்கையைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்து, உடனே சுருங்கியது. "பாவாவுக்கு ஒடம்புக்கு ஒண்ணும் இல்லியே?"

இத்தனை வருஷத்தில் அவன் கேட்டு அவள் கேட்ட முதல் விசாரிப்பு அது. தமயந்திக்குக் கண் நிறைந்துவிட்டது. "நல்லாகீறாரு. படம் புடிச்சு மாட்றாங்க" என்று சொல்லி, ஞாயிற்றுக்கிழமை விழாவுக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டாள். யாரோ ஒருத்தர் என்று சொன்னதையும் மறைக்கவில்லை.

கஜபதி தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தான். "அவன் அப்படித்தான் சொல்லுவான். சொல்லட்டும். நான் அங்க வந்து உக்காந்தா, தோத்தவன் வந்து கீறான் பாருன்னு காட்றதுக்கா?"

"இந்தப் பள்ளிக்கூடத்த ஏண்ணா கட்டின? உனக்கு இன்னா தலையெழுத்து?"

அவன் கால் கழுவி, துண்டால் துடைத்து, பக்கத்துக் கட்டடத்தின் சத்தத்தைக் கொஞ்சம் கேட்டான்.

"அன்னிக்கு அவன டாக்டராண்ட போட்டுட்டுத் திண்டாடிகினு நின்னேன் பாரு. கட்டு போட்டதும் எழுந்தான். நிக்க முடியல, சுவத்தப் புடிச்சுகினு நிக்கறான். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன் வா பாவா, தமயந்தி பயந்துகினு இருக்கும்னேன். என் கையத் தட்டிவிட்டுட்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தான். ஒரு மனுஷனுக்கு ஒரு பாஷை மேல இவ்ளோ ஆசை இருக்கும்னா அது சின்ன சமாச்சாரம் இல்லன்னு எனக்கு அப்பதான் தெரிஞ்சுது. எனக்கு என்னுது மேல இல்லியா, அப்படித்தான். அந்த நெசவுக்காரங்க வந்து கேட்டப்ப எனக்கு அவன் நடந்து போனதுதான் ஞாபகம் வந்துச்சு. முடியாதுன்னு சொல்ல வாய் வரல." பிறகு குரலை மாற்றிக்கொண்டு, "இத அவனாண்ட போய்ச் சொல்லாத. தலைகால் புரியாது அவனுக்கு" என்றான்.

வருகிறேன் என்று மட்டும் அவன் சொல்லவில்லை. பஸ் ஏற்றிவிடும்போது மடி நிறைய வேர்க்கடலையைக் கட்டிக் கொடுத்தான்.

தமயந்தி வீட்டுக்குப் போகவில்லை. நேராகச் சைக்கிள் கடைக்குப் போனாள். ஜம்புலிங்கம் காற்றடித்த டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி, குமிழி எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். வாடிக்கைக்காரர் யாரும் இல்லை. அவள் பெஞ்சில் உட்கார்ந்து, சொல்லாதே என்று சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள். தொழுவத்தை இடித்ததை, தேர்தலை, ஆடு இலை ஈயை. கையைத் தட்டிவிட்டதைச் சொன்னபோது டியூபைத் திருப்பிக்கொண்டிருந்த கை நின்றது.

டியூபைத் தண்ணீரிலிருந்து எடுத்து, "எத்தினாவது வரைக்கும் தமிழ் கீதாம்?" என்று கேட்டார்.

"அஞ்சாவது வரைக்கும்."

"ஆறாவதுக்கு இன்னா பண்ணுங்க பசங்க?"

"எனக்கு எப்படித் தெரியும்? கட்டினவரத்தான் கேக்கணும்."

அவர் டியூபைத் துடைத்து, அரத்தால் தேய்க்க ஆரம்பித்தார். தேய்க்க வேண்டியதைவிட அதிகமாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். தமயந்தி முடிச்சை அவிழ்த்துக் கொஞ்சம் வேர்க்கடலையைப் பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்து வந்தாள். வீட்டுக்கு வந்தவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அடுத்து வந்த நாட்களிலும் எடுக்கவில்லை. அவளும் விட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்தபோது ஆள் இல்லை. மலைக்குப் போயிருப்பார், விழா நாளாயிற்றே என்று நினைத்தாள். வேட்டி சட்டையை எடுத்து வைத்து, குங்குமத்தையும் எடுத்து வைத்தாள். வெயில் ஏறியது. வேதாசலம் சைக்கிளில் வந்து இறங்கினார். படிப்பகத்தில் மைக் பாடிக்கொண்டிருக்கிறது, பெரிய மனுஷர்கள் வந்துவிட்டார்கள், ஐயா எங்கே என்றார்.

"மலைல பாத்தீங்களா?"

"பாத்தாச்சும்மா. பொய்கைல பாத்தாச்சு. கடை சாத்திகீது. டீக்கடைலயும் இல்ல." வேதாசலம் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இருக்கறவரு இவரு ஒருத்தரு. இவரும் இல்லன்னா நான் யாருக்கும்மா மாலை போடறது?"

தமயந்திக்கு அப்போதுதான் ஒன்று தோன்றியது. கொடியில் பார்த்தாள். அவருடைய பழுப்புத் துண்டு இல்லை. வெளியூர் போகும்போது மட்டும் எடுத்துக்கொள்கிற துண்டு. "நீங்க போங்க, நான் கூட்டிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு அவள் பஸ் நிற்கிற இடத்துக்கு நடந்தாள். எங்கே என்று வேதாசலம் கேட்டதற்கு நிற்கவில்லை. அண்ணன் கதவைச் சாத்தியிருந்தால்? இரண்டு பேரும் வார்த்தையை விட்டிருந்தால்? இத்தனை காலமும் பொய்கைப் படிக்கட்டாவது மிச்சமிருந்தது. தானே போய்க் கலைத்துவிட்டோமோ என்று நினைத்துக்கொண்டு புளியமர நிழலில் நின்றாள்.

நகரி பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. கூடைகள் இறங்கின. ஒரு கிழவர் இறங்கினார். பஸ்ஸுக்குள்ளிருந்து உரத்த குரலில் சண்டை கேட்டது. கண்டக்டர், "பெரியவங்களே, கீழ எறங்கி சண்ட போடுங்க, எனக்கு நேரமாவுது" என்று கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

"நுவ்வு ஊரக உண்டுரா! நாகு தெலுசு!"

சும்மா இரு, எனக்குத் தெரியும் என்று யாரோ தெலுங்கில் அதட்டுகிறார்கள். குரல் தெரிந்த குரலாக இருந்தது. பாஷைதான் அந்தக் குரலில் கேட்டு மறந்துபோயிருந்தது. வார்த்தைகள் துருப்பிடித்த சைக்கிள் செயின் மாதிரி தடக்தடக்கென்று வந்தன. நடுநடுவே கிடைக்காத இடத்தில் தமிழை வைத்து ஒட்டிக்கொண்டார். படிக்கட்டில் ஜம்புலிங்கம் இறங்கினார். பின்னாலேயே, சலவைச் சட்டையும் நெற்றியில் திருநீறுமாகக் கஜபதி.

"பாரு தமயந்தி! ஆறாவதுக்கும் தமிழ் வேணுமாம். அதுக்கு நான் அலையணுமாம். காலங்காத்தால வந்து கதவத் தட்டித் தட்டி ஒடைச்சிட்டான். வா, உக்காரு, காப்பி சாப்பிடுன்னா அதுக்குள்ள ஆறாவதுன்றான்!" என்றான் கஜபதி, தெலுங்கிலேயே.

தமயந்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா, அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை.

விழா ஒழுங்காக நடந்தது என்று சொல்ல முடியாது. வேதாசலம் எழுதி வைத்திருந்ததைப் படித்து, "யாரோ ஒருத்தர்" என்ற இடத்துக்கு வந்ததும் ஜம்புலிங்கம் மேடையிலேயே எழுந்து மைக்கைப் பிடித்துக்கொண்டார். அது யாரோ இல்லை, என் மச்சான் கஜபதி, அன்றைக்கு எதிர்க்கட்சி, இன்றைக்கும் எதிர்க்கட்சிதான் என்றார். அவன் அங்கே தமிழ்ப் பள்ளிக்கூடம் வைத்திருக்கிறான், அதற்காக ஓட்டுகளையும் இழந்திருக்கிறான், இப்போது சொல்லுங்கள், தமிழுக்கு ஜெயிலுக்குப் போனவன் பெரியவனா, அவன் பெரியவனா என்று கேட்டார். அப்போது பின்வரிசையிலிருந்து கஜபதி எழுந்து, "சட்டையச் சொல்ல மறந்துட்டான். புதுச் சட்டைங்க அது. ஒரே ரத்தம், தொவைச்சும் போகல. இன்னி வரைக்கும் வாங்கித் தரல" என்றான். கொஞ்ச நேரம் யாருக்கும் சிரிக்கலாமா என்று தெரியவில்லை. ஜம்புலிங்கம் முதலில் சிரித்தார். அப்புறம் கட்டடமே சிரித்தது. அந்தச் சிரிப்பில் கஜபதியும் இருந்தான்.

சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு மூன்று பேரும் வீட்டுக்கு நடந்தார்கள். ராத்திரிக்குத் தங்குவதாகக் கஜபதி சொல்லவில்லை. தங்கவில்லை என்றும் சொல்லவில்லை. தமயந்தி கோழி வாங்குவதா, கத்திரிக்காயோடு நிறுத்திக்கொள்வதா என்று யோசித்தபடி பின்னால் வந்தாள். முன்னால் இரண்டு பேரும் மறுபடி ஆரம்பித்திருந்தார்கள். திருத்தணி அந்தப் பக்கமே இருந்திருந்தால் இந்நேரம் தண்ணீர்க் கஷ்டமே இருந்திருக்காது என்றான் கஜபதி. உன் கால்வாயில் தண்ணீர் ஓடி நான் பார்த்ததில்லையே என்றார் ஜம்புலிங்கம்.

தெருமுனையில் மேய்ச்சலிலிருந்து திரும்பிய ஆட்டுமந்தை ஒன்று குறுக்கே வந்தது. கஜபதி வேகமாகக் கடந்து அந்தப் பக்கம் போய்விட்டான். ஜம்புலிங்கம் இந்தப் பக்கம் நின்றுவிட்டார். மந்தை பெரிது. குட்டிகளும் தாய்களுமாகக் கத்திக்கொண்டு, புழுதியில் முதுகுகள் மட்டும் தெரிய, போய்க்கொண்டே இருந்தன. இரண்டு பேரும் பேச்சை நிறுத்தவில்லை. கழுத்தில் வாடிய மாலையோடு ஜம்புலிங்கம் கையை ஆட்டி ஏதோ சொல்ல, காதுக்குப் பின்னால் கையைக் குவித்து, "இன்னா? இன்னா சொல்ற பாவா?" என்று அந்தப் பக்கமிருந்து கத்தினான் கஜபதி.

தமயந்தி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஆடுகள் இன்னும் வந்துகொண்டிருந்தன.